மைனருக்கு வைத்த மருந்து

"மருந்து வெச்சாச்சு! இனி ஒரு மாசத்துக்குக் கவலையில்ல."

கீழ்வீட்டுத் தையல்காரரின் குரல் கேட்டதும், டீச்சரின் கையிலிருந்த சிவப்பு மைப் பேனா நின்றது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கீழே வாசலில், அவருடைய தையல் மெஷின்மேல் இவளுடைய பூனை மைனர் உட்கார்ந்திருந்தது. தையல்காரர் அதன் பிடரி மயிரை நீவிவிட்டு, ஒரு காலிக் குழாயைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"பாருங்க! போன மாசமும் இதே தேதி. நேத்து தராசுல வெச்சு எடை வேற போட்டான். அடுத்தவங்க பூனையை எதுக்குங்க எடை போடணும்?"

"கிலோ என்ன விலைன்னு கேட்டியா?" என்றார் கணவர், பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"விளையாடாதீங்க. ஒண்ணு, மருந்து வெச்சு மயக்குறான். இல்லன்னா மெல்லக் கொல்ற விஷம்!"

பகைக்குக் காரணமும் இருந்தது. ஆறு மாதம் முன்பு தையல்காரர் படியேறி வந்தார்.

"டீச்சரம்மா, உங்க பூந்தொட்டித் தட்டுல தண்ணி தேங்கி ஒரே கொசு. கொட்டிடுங்களேன். எங்க பூனை வேற இருமிக்கிட்டே இருக்கு."

"பூனை இருமினா பூந்தொட்டியைத் தூக்கணுமா? உங்க வேலையைப் பாருங்க!" என்று கதவைச் சாத்தியவள் இவள்தான். அந்த வன்மத்தைத்தான் வாயில்லாப் பிராணியிடம் தீர்க்கிறான், வேறென்ன?

தையல்காரர் உள்ளே போன நேரம் பார்த்து, மைனரையும் அந்தக் குழாயையும் அள்ளிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் குழாயைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல மருந்துதாம்மா. இதயப்புழு வராம தடுக்கிறது."

"புழுவா? இவன் தெருவுக்கே போகமாட்டானே!"

"இவன் போக வேண்டாம், கொசு வந்தா போதும். அது கடிச்சா புழு உள்ள போய் நெஞ்சுல, நுரையீரல்ல குடியேறிடும். பார்த்தா வெறும் இருமல் மாதிரிதான் இருக்கும். பூனைக்கு வந்துட்டா அந்தப் புழுவைக் கொல்லச் சரியான மருந்தே இல்ல. மாசாமாசம் இதைப் பிடரித் தோல்ல வெச்சு வராம பார்த்துக்கலாம். அதுவும் எடை பார்த்துத்தான் வெக்கணும்."

"எடையா..." அவள் குரல் இறங்கியது.

"இதை வாங்கினவரைத் தெரியும்மா. தையல்காரர். அவர் பூனை இருமி இருமியே இந்த மேஜையில செத்துப்போச்சு. 'மேல்வீட்டுப் பூனையாவது பிழைக்கட்டும்'னு மாசாமாசம் வந்து வாங்குறார். 'அவங்ககிட்டச் சொல்லிட்டு வைங்க'ன்னேன். 'சொன்னா கதவைச் சாத்திடுவாங்க டாக்டர்'னார்."

வீடு திரும்பினாள். தையல்காரர் வாசலில் தவித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டானா! காணோமேன்னு பயந்தே போயிட்டேன் டீச்சரம்மா."

மேலே வந்து பூந்தொட்டித் தட்டை இழுத்தாள். பச்சைத் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

விஷம் வைத்த கை எதுவென்று இப்போது தெரிந்தது. தட்டைப் பிடித்திருந்த விரல்களில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.