குழாயடிச் சண்டை

குழாய்களில் தண்ணீர் வருவது நின்று, பாக்கெட்டில் அளந்து கொடுக்கும் காலம் வந்த பிறகு, கடற்கரைச் சாலையில் உறுப்பினர்களுக்கு மட்டுமான கலை மன்றம் ஒன்றைத் திறந்தார்கள். முன்னோட்ட இரவின் முக்கியப் படைப்புக்குப் பெயர் 'குழாயடி'. அதில் சண்டை போட அஞ்சுகத்தையும் அவள் பக்கத்து வீட்டு ரெஜினாவையும் கூலிக்கு அழைத்திருந்தார்கள்.

"நெஜத் தண்ணியே வுடுவாங்களாம்க்கா," என்றாள் ரெஜினா. "முடிஞ்சதும் ஆளுக்குப் பாதி. எம் புள்ள தலைக்குக் குளிச்சு மாசமாவுது."

விருந்தினர்கள் கோப்பைகளோடு சூழ்ந்து நிற்க, குழாய் திறந்தது.

"நேத்து வந்தவ நீ, உனக்கு மொதக் கொடமாடி?" என்று அஞ்சுகம் ஆரம்பித்தாள்.

"உங்கப்பன் வெட்டுன கொளமா இது? தள்ளுடி!" என்றாள் ரெஜினா.

கைதட்டல் எழுந்தது. குடம் நிரம்பியதும் மன்றத்தின் மேலாளர் வந்து அதைக் கண்ணாடிப் பெட்டியால் மூடினார்.

"இனிமே இது கலைப்படைப்பும்மா. தொடக்கூடாது."

"யோவ், எடுய்யா பொட்டிய! பாத்துனு நிக்கறதுக்கா தண்ணி?" ரெஜினா அவரைப் பிடித்துத் தள்ளினாள். அஞ்சுகம் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

விருந்தினர்கள் மெய்ம்மறந்து வழிவிட்டார்கள். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டாம் பாகந்தான் உச்சம்," என்றார் ஒருவர். மேலாளர் வேறு வழியில்லாமல் கைகூப்பிச் சிரித்தார்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டான். தெருவுக்கு வந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை.

"மெதுவா நடந்து வாக்கா," என்றாள் ரெஜினா. "தளும்புது."