கிழிக்காத வேட்டி

குறுக்குத்துறை முருகன் கோயிலையே தாமிரபரணி முழுங்கிக்கொண்டு போன வெள்ளத்தில், சின்ன வயதில் தானும் அண்ணனும் ஒரே வேட்டியின் இரு முனைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, மிதந்து வந்த யானையின் முதுகை மிதித்து அக்கரை சேர்ந்ததாகத் தாணுமாலையன் பிள்ளை சொன்னார்.

குழந்தையின் காலைத் துடைத்துக்கொண்டிருந்த நர்சம்மா சிரித்துவிட்டாள்.

“யானைக்கு நீச்சல் தெரியுமே ஐயா?”

“தெரியும். அன்னைக்கு மறந்துபோச்சு. எங்களைப் பாத்துத்தான் திரும்பப் படிச்சிது.”

கலெக்டர் கச்சேரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இந்த வெள்ளக் கதையைச் சொல்வதுதான் வேலை. ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. சாட்சி சொல்ல இருந்தது அண்ணன் பாபநாசம் பிள்ளை ஒருத்தர்தான்.

பாகம் பிரிந்து வீட்டுக்கு நடுவே சுவர் எழுந்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் அவர், “அப்படி ஒண்ணும் நடக்கல” என்றே சொல்லிவந்தார். தம்பி புளுகன் ஆனார்.

பாகத்தில் வயல் ஒரு வரப்பு குறைந்தது கூடத் தம்பிக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் ஞானம்பாள். பக்கத்தில் இரட்டை ஆண்பிள்ளைகள். வெள்ளைக்கார டாக்டரம்மா போகலாம் என்று சொல்லிவிட்டாள். வாசலில் வில்வண்டி நின்றது.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. வீட்டுப் பெரியவர் உடுத்தி நைந்த வேட்டியில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பிள்ளை என்று நினைத்ததால் எடுத்து வந்ததும் ஒரு வேட்டி.

பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கெல்லாம் சுற்றினாலும் இது மிஞ்சும் என்று பெருமையடித்தபடி, கிழிப்பதற்காக அதன் நடுவைப் பல்லில் கடித்தார் பிள்ளை.

“கிழிக்காதீங்கப்பா!” ஞானம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். “ஒரு துணியை ரெண்டாக்கி ரெட்டைப்பிள்ளைக்குச் சுத்தினா, நாளைக்கு உங்களையும் பெரியப்பாவையும் மாதிரி சுவரெடுத்துக்கிட்டு நிப்பானுவ. பெரியப்பாட்ட ஒரு வேட்டி கேட்டுக் காலையிலேயே ஆள் விட்டிருக்கேன்.”

“அவரு தரமாட்டாரு ளா.”

“தராட்டா ஒருத்தனை வெறும் மேலோடயா கொண்டுபோக?”

பிள்ளை வேட்டியைக் கிழிக்காமல் மடித்துக் கட்டிலில் வைத்தார்.

அப்போது வராந்தாவில் கைக்கம்பு தட்டும் சத்தம் பைய நெருங்கியது.

இத்தனை காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் இருமலாக மட்டுமே இருந்த அண்ணன், புருவம் வரைக்கும் நரைத்துப்போயிருந்ததைத் தாணுமாலையன் பிள்ளை இப்போதுதான் பார்த்தார்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. கக்கத்திலிருந்த துணியை நர்சம்மாவிடம் நீட்டினார். பழுத்து மஞ்சளாகிப்போன வேட்டி.

இரட்டையரில் மூத்தவனை நர்சம்மா தம்பியின் வேட்டியில் சுற்றினாள். இளையவனை அண்ணனின் வேட்டியில் சுற்றும்போது விரலில் ஏதோ இடறியது. ஒரு முனையில் கல்லாக இறுகிய முடிச்சு. அதையொட்டிக் கத்தியால் அறுத்த தடம்.

“பிள்ளைக்கு உறுத்துமே” என்று அவிழ்க்கப் பார்த்தாள்.

“அவிழாது தாயி. வெளிப்பக்கமா வச்சுச் சுத்து.”

தாணுமாலையன் பிள்ளை குனிந்து முடிச்சைத் தடவிப் பார்த்தார். இதைப் பார்க்க மனைவி சொர்ணாம்பாள் இல்லை. புளுகன் பெண்டாட்டி என்ற பேரோடே அவள் போய்ச் சேர்ந்து, தலைத்திவசமும் முடிந்துவிட்டது.

நர்சம்மா முடிச்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதைப் போட்டது யாரு?”

பாபநாசம் பிள்ளை அப்போதுதான் தம்பியை ஏறிட்டார்.

“இவன்தான். வெள்ளத்துல நான் முங்கினப்போ, இதைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டான். நடந்ததுதான் தாயி.”

இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:

“யானைதான் வரல.”