சர்வென்ட்டா, ஹெல்ப்பரா?

"வேலைக்காரியை வேலைக்காரின்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?"

மூன்றாம் மாடிக்காரர் இப்படிக் கேட்டதும் குடியிருப்போர் கூட்டம் கொதித்துப் போனது. ஏற்கெனவே அவருக்கு அந்த அடுக்குமாடியில் சிடுமூஞ்சி என்றுதான் பெயர். யாராக இருந்தாலும் நீ, வா, போதான்.

"கொஞ்சம் படிச்சவர் மாதிரி பேசுங்க சார்" என்று சீறினார் ஆறாம் மாடிப் பேராசிரியை. காலமெல்லாம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் செயலாளர் புதிதாக மாட்டிய போர்டுதான் சண்டைக்குக் காரணம். சர்வென்ட்டுகள் லிஃப்டில் ஏறக் கூடாது, படிக்கட்டில்தான் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்டியிருந்தார்.

பேராசிரியை வீட்டில் வேலை செய்யும் அம்மாளுக்கு முட்டி வீங்கிக் கிடந்தது. அன்று காலை ஆறு மாடியும் ஏறி வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இப்படியே போனால் இந்த வீட்டு வேலையை விட வேண்டியதுதான், கூட்டத்தில் எனக்காகக் கொஞ்சம் பேசுங்கள் மேடம் என்று கெஞ்சினாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று பேராசிரியையும் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் இப்போது கீழ்த்தளத்தில், கூட்டம் நடக்கும் அறைக்கு வெளியே சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

பேராசிரியை சொன்னபடியே ஒரு பிடி பிடித்தார். சர்வென்ட் என்ற சொல்லிலேயே அடிமை வாடை அடிக்கிறது, அதைப் படித்தவர்கள் குடியிருக்கும் இடத்தில் எழுதி மாட்டுவது வெட்கக்கேடு என்று மேஜையைத் தட்டினார். நிஜமான கோபம்தான், நடிப்பில்லை.

அப்படியானால் மெய்ட் என்று போடலாமே என்றார் செயலாளர். மெய்ட் என்றால் பெண்கள் மட்டும்தான், கார் ஓட்டுகிறவரை எதில் சேர்ப்பது என்று மடக்கினார் பேராசிரியை. ஸ்டாஃப் என்று போடச் சொன்னாள் ஒரு வீட்டு மருமகள். செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்டாஃப் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே லீவு, போனஸ் என்று வந்து நிற்பார்கள் என்றார்.

அசிஸ்டென்ட் என்ற சொல் வந்ததும் ஒரு அம்மா எழுந்துவிட்டார். "என் பையன் அசிஸ்டென்ட் மேனேஜர். அவனும் பாத்திரம் தேய்க்கிறவளும் ஒண்ணா?"

கடைசியில் ஹெல்ப்பருக்கு வந்தார்கள். நாம் செய்கிற வேலையில் கூடமாட ஒத்தாசை செய்கிறவர்தானே ஹெல்ப்பர், இங்கே நாம் எங்கே வேலை செய்கிறோம் என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க எந்தப் பேரை வேணா எழுதி மாட்டுங்க. நான் வேலைக்காரின்னுதான் கூப்பிடுவேன்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சார் நாம இன்னும் முன்னேறல" என்றார் பேராசிரியை. கைதட்டல் விழுந்தது.

ஹெல்ப்பர் ஜெயித்தது. கை தூக்காதவர் சிடுமூஞ்சி ஒருவர்தான். பேராசிரியை முகமெல்லாம் பூரிப்போடு வெளியே வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

"ஐயோ, அது இல்ல. இனிமே உன்னை யாரும் சர்வென்ட்னு எழுத மாட்டாங்க. ஹெல்ப்பர்னு மரியாதையா எழுதுவாங்க."

"அப்போ லிஃப்டு மேடம்?"

"அது எல்லாரும் சேர்ந்து போட்ட ரூல். நான் மட்டும் எப்படி மாத்த முடியும்? நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்து மெதுவா ஏறு."

அவள் அழுத்தி வரவழைத்த லிஃப்டில் பேராசிரியை ஏறிப் போய்விட்டார்.

ஆறாம் மாடியில் இன்னும் துணி துவைக்கிற வேலை பாக்கி இருந்தது. அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏய் வேலைக்காரி."

மூன்றாம் மாடிக்காரர். கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கடுப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போற?"

"லிஃப்ட்ல ஏறக் கூடாதாமுங்கய்யா. நான் ஹெல்ப்பராம்."

"என்ன எழவோ. இப்படி வா."

லிஃப்ட் இறங்கி வந்தது. பின்னாலேயே வந்த செயலாளர் ரூல் என்று வாயெடுத்தார். மூன்றாம் மாடிக்காரர் திரும்பி ஒரு முறை முறைத்தார். செயலாளர் அவசரமாக போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார்.

அவளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, அவரும் ஏறி ஆறை அழுத்தினார். தன் மாடி தாண்டிப் போனதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"நாளையிலேர்ந்து கீழ வந்ததும் எனக்கொரு போன் போடு, வேலைக்காரி" என்று உறுமினார். "தினம் நானே இறங்கி வந்து கூட்டிட்டுப் போறேன்."