தம்பி பெண்டாட்டி வாசித்த பட்டியல்

"குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவார் சார். அதனால ஒரு வருஷமா திறந்த பாத்திரத்துலதான் சமையல்."

ஓய்வூதிய ஆபீஸ் டாக்டர் முன்னால், கையிலிருந்த தாளைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல வாசித்துக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்தில் அவள் புருஷன், மாஜி சிப்பாய், முதுகில் கம்பி வைத்துத் தைத்தது போல விறைப்பாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துணைக்கு வந்திருந்த அவனுடைய அக்காவுக்குக் காது கூசியது.

இருபது வருஷம் துப்பாக்கி பிடித்தவன். சண்டையிலிருந்து திரும்பியதிலிருந்து மனசு சரியில்லை என்று ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டால், 'நோய் எதுவும் இல்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். அதை மறுபடி எடுக்கவைக்க ஏழு மாதமாகத் தம்பி பெண்டாட்டி இந்த ஆபீஸ் படியேறினாள். ஏறியதெல்லாம் இதற்குத்தானா?

"போதும்மா," என்று முழங்கையால் இடித்தாள் அக்கா. "கட்டினவன் மானத்தை இப்படியா கடை பரப்புவே?"

"இன்னும் நாலு இருக்கு அண்ணி."

"எங்க வம்சத்துலயே இந்த வியாதி கிடையாதுன்னு போன தடவை நானே வந்து சொல்லிட்டுப் போனேன்."

"அதுவும் ஃபைல்ல இருக்கும்மா," என்றார் டாக்டர், தலை நிமிராமல். "நீங்க மேல படிங்க."

"கட்டில்ல தூங்கறதே இல்ல சார். கதவுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்துக்கிட்டேதான். ஒருநாள் பொண்ணு பின்னால வந்து கட்டிப்பிடிச்சா. தரையோட அமுக்கிட்டார். யாருன்னு தெரிஞ்சதும் குளியலறைக்குள்ள போனவர், சாயங்காலம் வரைக்கும் வெளியில வரல."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கண் மட்டும் ஒரு முறை மூடித் திறந்தது.

இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாளே, இவளும் ஒரு பெண்டாட்டியா? அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன தடவை இதுல ஒண்ணுகூட ஏன் வரல?" என்ற டாக்டர் கையை நீட்டினார். "தாளைக் குடுங்க. புது ஆதாரமாச் சேர்த்துக்கறேன். நீங்க எழுதினதா?"

அவள் தாளை நீட்டினாள்.

கை மாறும்போது அக்காவின் கண்ணில் பட்டது. முகாமிலிருந்து இருபது வருஷம் தம்பி தனக்கு எழுதிய கடிதங்களின் அதே குண்டு குண்டான எழுத்து. கடைசியில் அடிக்கோடு போட்டு இப்படி இருந்தது:

'அதிகாரி எதிர்ல இருந்தா, "நல்லா இருக்கேன் சார்"னுதான் என் வாய் சொல்லும். போன தடவையும் அப்படித்தான் ஆச்சு. எனக்காக நீ படிச்சிடு. அக்கா திட்டுவா, பொறுத்துக்கோ.'