பூஜ்யம் மேடம்

"இருபத்தஞ்சுக்குப் பூஜ்யமா! மேடம், நீங்க நெஜமாவே சயின்ஸ் டீச்சர்தானா?"

கன்னியப்பன் சார் கேட்டதும் ஹால் முழுக்கச் சிரிப்பு.

ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடம். உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் இருபத்தைந்து பேருக்கு ஐந்து நாள் கோடைப் பயிற்சி. முதல் நாளே ஒரு டெஸ்ட். நாலு விடையில் சரியானதை வட்டமிட வேண்டும். இருபத்தைந்து கேள்விகள். வருஷா வருஷம் அதே கேள்விகள் என்பதால் எல்லோரும் இருபத்துநாலு, இருபத்தைந்து. பூங்குழலி மேடம் மட்டும் முட்டை.

ஒருங்கிணைப்பாளர் தேவசகாயம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை இதே டெஸ்ட் மறுபடி இருக்கு. பேட்ச் சராசரி ஒரு மார்க்காவது ஏறணும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து இன்னொரு அஞ்சு நாள் வரணும். போன வருஷம் சராசரி ஏறாம பத்து நாள் பட்டது ஞாபகம் இருக்கில்ல?"

கன்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெஸ்ட்டுக்கு முன்னால்தான் எல்லோர் கையிலும் பத்திரிகை கொடுத்திருந்தார். திங்கட்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம்.

"லீவு குடுப்பீங்கல்ல சார்?"

"பயிற்சிக்கு லீவே கிடையாது சார். மேலிடத்து உத்தரவு."

கன்னியப்பன் திரும்பினார். "பாத்தீங்களா மேடம், உங்களால இன்னா பேஜார்! இருபத்தஞ்சு வாங்கியும் உங்ககூடச் சேர்ந்து நான் மாட்டிக்கணுமா?"

பூங்குழலி கல்யாணப் பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் 'பூஜ்யம் மேடம்'.

டீ வந்தால், "மேடத்துக்குச் சக்கரை ஜாஸ்தி போடுங்க, மூளைக்கு நல்லது." பிரியாணி வந்தால், "அவங்களுக்கு ரெண்டு முட்டை வைங்க. ஏற்கெனவே ஒண்ணு வாங்கினவங்க."

பயிற்சியின் தலைப்பு, 'மாணவரைக் கேள்வி கேட்க வைப்பது எப்படி'. ஐந்து நாளும் ஸ்லைடு ஓடியது. யாராவது கை தூக்கினால், "கேள்வியெல்லாம் கடைசியில" என்றார் பயிற்றுநர். கடைசியில் குரூப் போட்டோதான் எடுத்தார்கள்.

தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து நாற்றக் காற்று வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள், வியர்த்தால் திறப்பார்கள். அங்கே நடந்த பரிசோதனை அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலை தேவசகாயம் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"எல்லாருக்கும் பழைய மார்க்கேதான். பூங்குழலி மேடம் இருபத்தஞ்சு! சராசரி சரியா ஒரு மார்க் ஏறிடுச்சு."

ஒரே கைதட்டல்.

"பரவால்லியே! பூஜ்யம் மேடம் அஞ்சே நாள்ல தேறிட்டாங்க!" என்றார் கன்னியப்பன், உயிர் வந்த குரலில்.

தேவசகாயம் சிரிக்கவில்லை. பூங்குழலியின் முதல் நாள் விடைத்தாளைக் கன்னியப்பனிடம் நீட்டினார்.

"ஒண்ணுமே தெரியாதவங்க கண்ணை மூடிக்கிட்டு வட்டம் போட்டாலும் அஞ்சாறு சரியா வந்துடும் சார். இருபத்தஞ்சும் தப்பாப் போடணும்னா, இருபத்தஞ்சுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். இத்தனை சயின்ஸ் வாத்தியாருங்க இருக்கோம். அஞ்சு நாளா ஒருத்தருக்கும் தோணல பாருங்க."

கன்னியப்பன் தாளைப் புரட்டினார். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. குண்டு குண்டாக இருபத்தைந்து தப்பு.

"ஏன் மேடம்... ஏன் இப்படி?"

பூங்குழலி பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எல்லாரும் இருபத்தஞ்சு வாங்கிட்டா அதுக்கு மேல எங்க சார் ஏறுறது? திங்கக்கிழமை நீங்க இங்க உக்காந்து ஸ்லைடு பாத்துக்கிட்டிருந்தா, அங்க பொண்ணை யாரு தாரை வாத்துக் குடுப்பாங்க?"