முகப்பில் ஒரு மாலை

போன வாரம் மலைச்சாலையில் கியர் எண்ணெய் கொதித்துத் தெய்வானையின் பிக்கப் வண்டி நின்றுபோனது. பின்னால் டிரெய்லரில் இருந்த சினைப்பசு பகலெல்லாம் வெயிலில் தவித்தது. இன்று அதே பசுவை மேலே கொண்டுபோக வேண்டும். அதற்காகவே மெக்கானிக் முகைதீன், எண்ணெயைக் குளிரவைக்க இன்னொரு கூலரை வண்டியின் முகப்பில் பொருத்தினார்.

அவர் கை கழுவி வருவதற்குள் தெய்வானை கற்பூரம் காட்டி, தடித்த சாமந்தி மாலையைக் கூலர் மறையும்படி கட்டிவிட்டாள். இனிக் காற்றே புகாது. எண்ணெய் மறுபடியும் கொதிக்கும். ஆனாலும் சாமி கும்பிட்டுக் கட்டியதை அவிழ்க்கச் சொல்ல முகைதீனுக்கு நா எழவில்லை.

“அக்கா, பசு உங்களை முறைக்குது. இரும்புக்கு மாலை, எனக்கு ஒண்ணும் இல்லையான்னு கேக்குது.”

தெய்வானை டிரெய்லரில் நின்ற பசுவைப் பார்த்தாள். கூலரைப் பார்த்தாள். மாலையை அவிழ்த்துப் பசுவின் கழுத்தில் போட்டாள்.

“காத்து போகணும்னு நேராவே சொல்லக்கூடாதா, பாய்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

சிரித்தபடியே ஒரு பூவைக் கிள்ளி, அவருடைய ஸ்பானரின்மேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

வண்டி முதல் வளைவில் ஏறி மறையும்வரை முகைதீன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அடுத்த வேலைக்கு வேறு ஸ்பானரைத் தேடி எடுத்துக்கொண்டார்.