பனி இளகுமுன்

தாளில் முதல் பஸ்ஸுக்கு ஆறு நாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஐந்து முப்பத்துநாலு என்று எழுதினான்.

ஏப்ரல் மாதத்துப் பனி பதினொரு மணிவரைக்கும்தான் பனி. அதற்குப் பிறகு கஞ்சி. காலையிலேயே மேலே போய்விட வேண்டும்.

வீட்டு வாசலில் பஸ். பேர்ண் நிலையத்தில் ரயில். ஸ்பீட்ஸ் நிலையத்தில் ரயில் மாறுவதற்கு ஆறு நிமிடம். பிறகு சின்ன ரயில், மஞ்சள் போஸ்ட் பஸ், கடைசியில் கேபிள் கார். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போச்சு. சுவிஸில் கார் இல்லாதவன் ஆல்ப்ஸ் மலைக்குப் போவதென்றால் இப்படித்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

சறுக்குக் கட்டைகளை மேலேயே வாடகைக்கு எடுக்கலாம். தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை.

மகள் ஆரபி பக்கத்தில் நின்றாள். பதினொரு வயது. பள்ளிக்கூட முகாமில் ஐந்து நாள் பனிச்சறுக்குப் பழகியவள். தான் சறுக்குவதை அப்பாவும் அம்மாவும் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

மூன்று குளிர்காலமாக "அடுத்த கிழமை" என்று ஏமாற்றியிருக்கிறான். உணவகச் சமையலறையில் சனிக்கிழமை லீவு குதிரைக்கொம்பு. நாளைக்குக் கிடைத்திருக்கிறது. நாளையோடு பருவம் முடிந்து, சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்டுகளை மூடுகிறார்கள்.

"அப்பா, வடிவா எழுதுங்கோ. பிறகு உங்களுக்கே விளங்காது."

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் வேலையிடத்தில் நின்றபோது, ஊரிலிருந்து சித்தப்பாவின் மகன் குரல்பதிவு அனுப்பியிருந்தான்.

"அண்ணை, அப்பா காலமை மோசம் போயிட்டார். நாளைக்குப் பத்து மணிக்குச் செத்தவீட்டுக் கிரியை. லைவ் போடுவம், பாருங்கோ."

அவன் பதில் போடவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்தான்.

அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை. பனிமலை மட்டும் எப்படி இருக்கும்?

காதில் விழுந்த நாளிலிருந்துதான் துடக்கு என்று ஊரில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் கேள்விப்பட்டதாகச் சொல்லிவிடலாம். மனைவி கௌசியிடமும் அப்படியே.

காது என்ன, போனைப்போல அணைத்து வைக்கிற சாமானா?

கள்ளன். தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

பேனா நின்றது.

இதேபோல ஒரு தாள் முன்பு அவனிடம் இருந்தது. தொண்ணூற்றுநாலில், சண்டைக்குள்ளால் ஊரைவிட்டு வெளியேற, சித்தப்பா கொப்பியில் கிழித்து எழுதிக் கொடுத்தது. கிளாலியில் படகு. அங்கால டிராக்டர். வவுனியாவில் எந்த வரிசையில் நிற்பது, கொழும்பு பஸ்சில் எங்கே ஏறுவது. கடைசி வரி: போய்ச் சேர்ந்ததும் அறிவி.

அந்தத் தாள்தான் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அவன் அறிவித்தது ஏழு மாதம் கழித்து.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். கௌசி உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆரபி ஆசையாகக் கேட்ட, உள்ளே வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸுக்கு, மசாலா பிரட்டிய கோழி ஃபிரிட்ஜில் மூடி இருந்தது.

மறுநாள் எல்லாம் எழுதியபடியே நடந்தது.

அதுதான் வதையாக இருந்தது. ஒரு ரயிலாவது தவறியிருக்கலாம்.

ஆறரை மணிக்கு, ஊரில் பத்து மணியாகும்போது, ரயில் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரபி கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள். அவன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான்.

மேலே பனி இறுக்கமாக இருந்தது. ஆரபி மூன்று தரம் விழுந்தாள். நாலாம் தரம் விழாமல் வந்து, இரண்டு கையையும் தூக்கினாள். அவன் துள்ளிக் குதித்துக் கைதட்டினான்.

அந்த ஒரு நிமிடம் சித்தப்பாவை மறந்துபோனான். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

"அப்பா, வீடியோ எடுத்தனீங்களோ?"

"போன்ல சார்ஜ் இல்லையம்மா."

"அம்மா, நீங்கள்?"

"என்ர போனும் செத்துப்போச்சு."

கௌசி ஒருநாளும் சார்ஜ் இறங்க விடாதவள்.

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. கௌசி அவசரமாகச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஆரபி ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டு உள்ளே பார்த்தாள்.

"கோழி எங்க?"

"பழுதாப்போச்சு. இண்டைக்கு மரக்கறிதான்."

காலையில் பால் எடுத்தபோது அந்தக் கோழியைப் பார்த்திருந்தான். ஒரு துண்டு குறையவில்லை. ஒரு பழுதும் இல்லை.

தான் பதில் போடாமல் விட்டதும் சித்தப்பாவின் மகன் அடுத்ததாக யாருக்குப் போன் எடுத்திருப்பான் என்று இப்போதுதான் புத்தியில் பட்டது.

கௌசியைப் பார்த்தான். அவள் மகளின் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓடு பிள்ளை. பனி இளகமுன்னம் இன்னும் ரெண்டு தரம் போட்டு வா."

ஆரபி லிஃப்டை நோக்கிப் போனாள்.

கௌசி பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். ஒன்றை எடுத்தான். இருவரும் செத்தவீட்டில் சாப்பிடுவதைப்போலத் தலைகுனிந்து சாப்பிட்டார்கள்.

மேலேயிருந்து ஆரபி கத்திக் கூப்பிட்டாள். பார்க்கிறார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இருவரும் ஒன்றாக நிமிர்ந்து, சிரித்தபடி கையைத் தூக்கினார்கள்.